புழுக்கமும் சிலிக்கோன் ரப்பரும்

கேள்வி: சிலிக்கோன் ரப்பரில் தண்ணீர் ஒட்டாது என்கிறார்கள். ஆனால் எங்கள் குக்கரின் சிலிக்கோன் கேஸ்கெட் ஓராண்டிலேயே தளர்ந்து ஆவி கசிகிறது. சென்னையின் புழுக்கம்தான் காரணமா?
– வாசகி ஒருவர், திருவான்மியூர்

பதில்: புழுக்கத்தின் மீது மட்டும் பழி போட முடியாது. சிலிக்கோன் நீர்த்துளியை விலக்கினாலும், நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். பலரும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அந்த ரப்பர், சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சிட்டுப் பின்னிய வலை போன்றது. உள்ளே புகுந்த நீர் மூலக்கூறு சங்கிலியின் ஒரு பிணைப்பை அறுத்து, இரு முனைகளிலும் ஹைட்ராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது) விட்டுச் செல்வதே நீராற்பகுப்பு. அறுந்த முனைகள் மீண்டும் இணையவும் கூடும் என்பதுதான் இதில் சுவையானது. ஆனால் மூடியின் அழுத்தத்தில் நசுங்கிய நிலையிலேயே அவை இணைவதால், கேஸ்கெட் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் தட்டையாகவே நின்றுவிடுகிறது.

சாதாரண அறை வெப்பத்தில், புளிப்பான அமிலமோ, சோப்பில் இருப்பது போன்ற காரமோ துணைக்கு இல்லாவிட்டால், இந்த வினை மிக மிக மெதுவாகவே நடக்கும். குக்கருக்குள் நிலைமை வேறு: ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் அழுத்தமான நீராவி, போதாக்குறைக்குப் புளியும் தக்காளியும், சரியாக அலசப்படாத சோப்பும். ஆகவே சமைத்ததும் கேஸ்கெட்டைக் கழற்றி, நன்றாக அலசி, மூடியில் பொருத்தாமல் தனியே உலரவிடுங்கள். ஏற்கெனவே தளர்ந்ததை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.