மருத்துவ ஆராய்ச்சி மட்டும் போதாதா?

கேள்வி: ஆப்பிரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சி ஏற்கெனவே நடக்கிறதே; சுகாதாரக் கொள்கையையும் அமைப்பையும் ஆராய்வதற்கெனத் தனியாக ஆட்களை உருவாக்க வேண்டுமா?

பதில்: அவசியம் வேண்டும். ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துமா என்பதை மருத்துவ ஆராய்ச்சி சொல்லிவிடும். ஆனால் அந்த மருந்து கிராமத்து நோயாளியை ஏன் எட்டவில்லை, செவிலியர் ஏன் அங்கே தங்குவதில்லை, செலவை யார் ஏற்பது என்பனவற்றை, அந்தந்த நாட்டு நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்தவர்களே சரியாக ஆராய முடியும். கானாவின் வடகோடியிலுள்ள நவ்ரோங்கோவில், 1990களில், சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்காகக் காத்திருந்த செவிலியர்களைக் கிராமங்களிலேயே குடியமர்த்தி, ஊர்த் தலைவர்களின் ஒத்துழைப்போடு வீடு வீடாகச் செல்லவைத்துச் சோதித்தார்கள். அதன் பலனைக் கண்ட அரசு, 1999இல் அதையே நாடு தழுவிய கொள்கையாக ஏற்றது. சுகாதார அமைச்சகத்தின் சொந்த ஆய்வு மையமே அந்தச் சோதனையை நடத்தியதால்தான் முடிவுகள் கோப்புக்குள் உறங்கிப் போகவில்லை என்பது என் கணிப்பு.

பயிற்சியும் தொடங்கிவிட்டது. கேப் டவுன் பல்கலைக்கழகம் கானா, நைஜீரியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளின் கல்வி நிறுவனங்களோடு கைகோத்துப் பாடத்திட்டங்களை வகுத்திருக்கிறது. சிக்கல் பணத்தில்தான் இருக்கிறது. சுகாதார அமைச்சக நிதியில் குறைந்தது 2 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குமாறு 2008இல் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் நடந்த, சுகாதார ஆராய்ச்சி பற்றிய உலக அமைச்சர்கள் மாநாடு அரசுகளைக் கேட்டுக்கொண்டது. உள்நாட்டு நிதி வராதவரை, எதை ஆராய்வது என்பதையும், பயிற்சி பெற்றவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதையும், பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையாளர்தான் தீர்மானிப்பார்.