ராத்திரி முழுக்க ஆறும் வோர்ட்

கேள்வி: மெல்பர்னில் வீட்டிலேயே பீர் செய்து பழகுகிறேன். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்டுக் கொதித்த 20 லிட்டர் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு, அதாவது வோர்ட், ஆற ராத்திரி முழுக்க ஆகிறது. பாத்திரத்தை மூடி அப்படியே விட்டுவிட்டால் என்ன?

பதில்: விடாதீர்கள். ஆற ஆற பாத்திரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், இளஞ்சூடான இனிப்புத் தண்ணீர் பாக்டீரியாவுக்கு விருந்து. அதோடு வெளிர் மால்ட் வோர்ட் சூடாகவே கிடந்தால் டிஎம்எஸ் என்ற பொருள் சேர்ந்து, பீரில் வேகவைத்த சோள வாசனை அடிக்கும் (சோளம் பிடிக்கும் என்றாலும் டம்ளரில் வேண்டாமே). செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று வாங்குங்கள். அதைக் கொதியின் கடைசி 15 நிமிடம் வோர்ட்டிலேயே போட்டால் கிருமி போய்விடும், அப்புறம் அடுப்பை அணைத்து, சுருளுக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, வோர்ட்டையும் சுத்தமான கரண்டியால் மெல்லக் கிளறிக்கொண்டே இருந்தால் சூடு மளமளவென்று இறங்கும். கோடையில் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அப்போது கடைசியில் பாத்திரத்தை ஐஸ் தொட்டியில் இறக்குங்கள். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் என்றால் 20 டிகிரி செல்சியஸ் வந்ததும் போடலாம்.

சுருள் வேண்டாமா? உங்கள் ஊர்க்காரர்கள் பலர் செய்வதுதான்: சூடு தாங்கும் பிளாஸ்டிக் கேனில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காற்றைப் பிதுக்கி, இறுக்கி மூடி, மறுநாள் ஈஸ்ட். ஹாப்ஸ் கசப்பு கொஞ்சம் ஏறும், வெளிர் மால்ட் என்றால் மேலே சொன்ன சோள வாசனையும் வரலாம்.