ஒளிபரப்புப் பதிவு சர்வரில் 90 நாள் பதிவு ஏன் நிற்கவில்லை?

கேள்வி இதுதான்: 10 சேனல்களைப் பதிவு செய்கிறோம், 90 நாள் வைத்திருக்க வேண்டும், ஆனால் 60 நாளிலேயே ஹார்ட் டிஸ்க் நிறைந்து பழைய பதிவுகள் அழிகின்றன. என்ன செய்வது?

முதலில் கணக்கைப் போடுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு சேனலுக்கு ஒரு நாளில் 10.8 ஜிகாபைட் ஆகும். 2 மெகாபிட் என்றால் 10 சேனலுக்கு 90 நாளில் 19 டெராபைட்டைத் தாண்டிவிடும். ஒரு டிஸ்க் பழுதானாலும் பதிவு போகாமலிருக்கப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு (RAID) முறைக்குப் போகும் இடம் இதில் சேராது. சான்றுக்காக மட்டும் வைக்கும் பதிவுக்கு முழு எச்டி தரம் தேவையில்லை. முகமும் கீழே ஓடும் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் போதும், பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, குறைக்கலாம்.

இந்தியாவில் செயற்கைக்கோள் சேனல்கள் 90 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனை. அதனால் தானாக அழிக்கும் அமைப்பை 95 நாளுக்கு வையுங்கள். புகார் வந்த பகுதியை உடனே பூட்டி, தனியாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். நானும் ஒருமுறை மறந்து, 91ஆம் நாள் தேடித் தவித்திருக்கிறேன்.

அப்புறம், எல்லா சர்வர்களின் கடிகாரமும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) மூலத்தைப் பின்பற்றட்டும். நேரம் பிசகிய பதிவு சான்றாக நிற்காது. பிளேஅவுட்டிலிருந்து (நிகழ்ச்சிகளை ஒளிபரப்புக்கு அனுப்பும் அமைப்பு) வரும் சிக்னலை மட்டும் நம்பாமல், செயற்கைக்கோளிலிருந்து டிஷ் வழியாகத் திரும்பி வருவதையும் பதிவு செய்யுங்கள். நேயர் பார்ப்பது அதைத்தான்.