பாட்டிலுக்கு எந்தக் கிருமிநாசினி?

கேள்வி: வீட்டில் இஞ்சி பீர் போடுகிறேன். மூன்றாம் நாளே கெட்ட வாடை. பாட்டில் கழுவ பிளீச்சிங் பவுடர் போதுமா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: கிருமி சாகும், சரி. ஆனால் கொதித்து ஆறிய தண்ணீரில் பலமுறை அலசாவிட்டால் குளோரின் வாடை பானத்தில் ஏறும். வினிகரோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

நான் புளியரைக்காரன். என் வீட்டில் அயோடோபோர் என்ற அயோடின் கிருமிநாசினிதான். லிட்டருக்கு 12.5 மில்லிகிராம் அயோடின் இருக்கும்படி கலந்து, 2 நிமிடம் ஊறவைத்து, கவிழ்த்து வடித்தால் போதும், அலச வேண்டாம். மஞ்சள் நிறம் வெளுத்துப்போனால் கொட்டிவிடுங்கள். மாட்டு மடிக்குப் பூசும் அயோடினை எடுத்துவிடாதீர்கள், அதில் கிளிசரின் போன்றவை சேர்ந்திருக்கும்.

எதைப் பயன்படுத்தினாலும் அழுக்குக்கு மேல் ஊற்றினால் வீண். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். எனக்கும் இதே வாடை இரண்டு மாதம் படுத்தியது. பாட்டிலெல்லாம் பளபளவென்றிருக்கும், கடைசியில் பார்த்தால் மூடியின் ரப்பர் வாஷருக்கு அடியில் வழுவழுவென்று ஒரு படலம்! கழற்றிப் பாருங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் புனல் இருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள்.