எஞ்சின் இருக்கட்டும், நகை எங்கே?

கேள்வி: குலசேகரத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் ரப்பரும் உண்டு. வீட்டுச் செலவு, சீட்டு எல்லாம் போக மாதம் சுமார் 15,000 ரூபாய் மிஞ்சும். என்னிடம் 2001 மாடல் சான் ஸ்டார்ம் இருக்கிறது. கோவாவில் தயாரான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். போன மாதம் பேச்சிப்பாறை போகும் வழியில் சூடாகி நின்றுவிட்டது, எஞ்சின் ஹெட் (சிலிண்டருக்கு மேல்மூடி) வளைந்திருக்கிறது. பழைய ரெனோ எஞ்சினையே பிரித்துச் சரிசெய்ய 1.1 லட்சம் ஆகும் என்கிறார் மார்த்தாண்டம் மெக்கானிக். ஹோண்டா சிட்டி விடெக் எஞ்சின் போட்டுவிடலாம், 2.5 லட்சத்தில் முடியும் என்கிறான் என் அளியன் (மனைவியின் கூடப்பிறந்தவன்). அவனிடம் 20,000 அட்வான்ஸ் கொடுத்தாச்சு, எஞ்சின் இன்னும் வரவில்லை. மனைவியின் 10 பவன் நகை 2021 முதல் ஃபைனான்சில் அடகில் இருக்கிறது. முதலில் 2 லட்சம், 2023-ல் 3 லட்சமாக்கினேன், 2024-ல் 4 லட்சம். வருஷா வருஷம் 12 சதவீத வட்டி கட்டி மாற்றி வைத்துவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை. பொன் விலை ஏறியிருப்பதால் டாப்-அப் (அதே நகைக்குக் கூடுதல் கடன்) தருகிறோம் என்று போன் வருகிறது. 2 லட்சம் சீட்டு ஒன்றும் மூன்று மாதத்தில் முடியும். எந்த எஞ்சின் போடலாம்?

பதில்: எஞ்சின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். பழையதையே சரிசெய்யுங்கள்.

உங்கள் காரில் இருப்பது 1.2 லிட்டர், 60 குதிரைத்திறன். அளியன் சொல்லும் விடெக் 106. காகிதத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஹோண்டா எஞ்சின் மற்ற பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் இப்போதுள்ள கியர்பாக்ஸ் அதோடு சேராது. ஹோண்டா கியர்பாக்ஸும் கூடவே வர வேண்டும். அப்புறம் மவுண்ட் புதிதாக அடிக்க வேண்டும், டிரைவ் ஷாஃப்ட் வெட்டி ஒட்ட வேண்டும், வயரிங், இ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), ரேடியேட்டர், சைலன்சர் என்று போய்க்கொண்டே இருக்கும். 60 குதிரைக்கு வைத்த பிரேக்கையும் மாற்றியாக வேண்டும். இந்த 2.5 லட்சத்தில் இதெல்லாம் அடக்கமா என்று கேட்டீர்களா? என் கணக்கில் 4 லட்சத்துக்குக் குறையாது.

பணம் இருந்தாலும் காகிதம் இடிக்கும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2001 மாடல் என்றால் 2016, 2021 என்று இரண்டு முறை ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2026. அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதே நம்பரைத்தான் பார்ப்பார். ஹாஃப் கட்டுக்கு (பழைய காரிலிருந்து எஞ்சினோடு வெட்டி எடுத்து விற்கும் முன்பாதி) அளியன் பில் காட்டினானா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

சரி, எஞ்சின் முடிந்தது. நான் கடிதத்தை இரண்டாம் முறை படித்தது ஒரே ஒரு வரிக்காக: "மாற்றி வைத்துவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை."

நான்கு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி 24,000, 24,000, 36,000, 48,000. மொத்தம் 1,32,000 ரூபாய். எஞ்சினைச் சரிசெய்து, மிச்சத்தில் நாலு புது டயரும் போட்டிருக்கலாம். இவ்வளவு கட்டியும் அசல் ஒரு ரூபாய் குறையவில்லை, இரண்டு மடங்கானது. பொன் விலை ஏறினால் லாபம் நகை வைத்திருப்பவருக்கு என்பார்கள். உங்கள் விஷயத்தில் விலை ஏற ஏறக் கடன்தான் ஏறியிருக்கிறது. இப்போது 2.5 லட்சம் சேர்த்தால் 6.5 லட்சம், மாதம் 6,500 ரூபாய் வட்டி மட்டும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது அதை எங்கிருந்து கட்டுவீர்கள்? கடையிலிருந்து எடுத்தால் சரக்குக்குக் கடன் சொல்ல வேண்டிவரும்.

டாப்-அப் போன்கள் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. உங்கள் நகையை அவர்கள் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் வாசற்படி ஏறாமலேயே கடனை ஏற்றிவிடும் வசதி அது. அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். தள்ளுபடி வரும் என்று காத்திருக்கிறீர்களா என்றும் ஒரு சந்தேகம். உங்கள் பக்கத்தில் அப்படிச் சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவில் 5 பவன் வரை வைத்த நகைக்கடனை. தனியார் ஃபைனான்சுக்கு அது வராது.

செய்ய வேண்டியது இது. சீட்டுப் பணம் 2 லட்சம் கைக்கு வந்த அன்றே அசலில் கட்டுங்கள், காரில் போடாதீர்கள். மீதி 2 லட்சத்தை மாற்றி எழுதும்போது நகையை இரண்டு மூன்று பொட்டலமாகப் பிரித்துத் தனித்தனிக் கடனாக வையுங்கள். ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பலாம், வீட்டுக்கு ஒரு வளையலாவது வந்து சேரும். 9, 10 சதவீதத்துக்கு அரசு வங்கியில் கிடைத்தால் அங்கே மாற்றிவிடுங்கள். மாதம் 15,000 கட்டினால், 12 சதவீதத்திலேயே கணக்குப் போட்டாலும், பதினைந்து மாதத்தில் கடன் தீரும். சீட்டு முடிந்ததும் அந்தத் தவணையும் கையில் நிற்கும், சேர்த்துக் கட்டினால் இன்னும் சீக்கிரம். அதன்பின் ஏழெட்டு மாதம் அதே தொகையை ஒதுக்கினால் 1.1 லட்சம் கையிலிருக்கும், ரெனோ எஞ்சினைப் பிரிக்கலாம். அதுவரை கார் ஷெட்டில் நிற்கட்டும். உடம்பு ஃபைபர், துருப்பிடிக்காது. ஆனால் அடியில் சேசிஸ் இரும்பு, நம்மூர் மழைக்குத் தார்ப்பாய் அவசியம். ஹெட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி மூடி வைக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் 20,000-ஐ இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். எஞ்சின் இன்னும் வரவில்லையே, கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் உங்கள் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அண்ணனோ தம்பியோ, அவர் கூடப்பிறந்தவன்தானே. அடகில் கிடப்பதும் அவர் நகைதான்.