திரைக்கு அப்பால் இருக்கும் உளவியலாளரிடம் எதைச் சொல்வது?

மனநலப் பகுதிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில், இணையவழி உளவியல் சிகிச்சை பற்றியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: குலசேகரம் அருகே கணவரின் பெற்றோருடன் வசிக்கிறேன். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சில மாதங்களாகத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை விறைக்கிறது, செத்துவிடுவேன் என்று பயம் வருகிறது. நாகர்கோவிலில் இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். சென்னையிலுள்ள ஓர் உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறேன். ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள் நின்றுகொண்டு மெதுவாகத்தான் பேச முடிகிறது. மாமியார் அந்தப் பக்கம் வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். உளவியலாளர் தரும் பயிற்சிகளைச் செய்யாமலேயே செய்ததாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது அமர்விலேயே "தனிக்குடித்தனம் போவதைப் பற்றி யோசித்தீர்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? நேரில் போகாமல் இப்படிப் பேசுவதில் பயன் உண்டா? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்துவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அப்படியே உங்கள் உளவியலாளருக்கும் அனுப்பிவையுங்கள். கொட்டகை, மாமியார், செய்யாத பயிற்சி, தனிக்குடித்தனப் பேச்சால் வந்த வருத்தம் ஆகிய நான்கும் உங்கள் சிகிச்சைக்கு நேரடியாகத் தொடர்புடையவை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. நேரில் சென்றிருந்தால் நீங்கள் குரலைத் தாழ்த்துவதையும் வாசலைத் திரும்பிப் பார்ப்பதையும் அவரே கவனித்திருப்பார். திரையில் உங்கள் முகம் மட்டுமே தெரிகிறது என்பதால், மீதியை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (சிந்திக்கும் விதத்தையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்சி தரும் பேச்சுவழிச் சிகிச்சை) வீடியோ வழியாக அளித்தாலும், நேரில் அளிப்பதற்கு ஏறத்தாழ ஒத்த பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் விவரிப்பது பீதித் தாக்குதல் (பேனிக் அட்டாக்) போலத் தோன்றுகிறது. கடிதத்தை வைத்து நான் அதை முடிவு செய்ய முடியாது, உங்கள் உளவியலாளர்தான் உறுதி செய்ய வேண்டும். பீதித் தாக்குதல் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானே தணியும். அது வந்த இடத்தையெல்லாம் தவிர்க்கத் தொடங்கும்போதுதான் பயம் நிலைத்துவிடுகிறது. பேருந்தில் படபடத்தது என்று பேருந்தையும், படியேறும்போது மூச்சு வாங்கியது என்று மாடியையும் விட்டுவிடுவோம். இந்த வட்டத்தை உடைக்கத்தான் பயிற்சிகள் தரப்படுகின்றன. உங்களுக்குத் தரப்பட்டவை எவை என்று நீங்கள் எழுதவில்லை. வேண்டுமென்றே வேகமாகப் படியேறி நெஞ்சைப் படபடக்க வைத்து, அந்தப் படபடப்பால் ஆபத்து எதுவும் நேரவில்லை என்பதை உடம்புக்கே பழக்குவது அவற்றில் ஒன்று. உங்கள் இதயப் பரிசோதனைகள் சரியாக இருப்பதால் இதைச் செய்ய இயலும், ஆனாலும் உளவியலாளரின் வழிகாட்டுதலோடு செய்யுங்கள். நீங்கள் செய்யாமலே செய்ததாகச் சொன்னால், பலன் தராத முறை என்று கருதி அவர் வேறொன்றுக்குத் தாவிவிடுவார். "பயமாக இருந்ததால் செய்யவில்லை" என்று சொன்னால் அவர் அதே பயிற்சியைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துத் தருவார்.

இணையவழிச் சிகிச்சையின் பெரிய வசதி இங்கேதான் இருக்கிறது. பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. பயம் வரும் இடத்துக்கே உளவியலாளரை அழைத்துச் செல்லலாம். குலசேகரம் பேருந்து நிலையத்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு நின்று, "இப்போது பயம் பத்துக்கு எட்டு, இப்போது ஆறு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். சென்னை மருத்துவமனை அறையில் உட்கார்ந்திருந்தால் இது கிடைக்காது.

இடத்துக்கும் வழி உண்டு. மாமியார் தேவாலயத்துக்கோ கோயிலுக்கோ போகும் நேரத்துக்கு அமர்வை மாற்றித் தரும்படி கேளுங்கள். திடீரென்று யாராவது வந்தால் நீங்கள் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று நீங்கள் கேட்டால், உளவியலாளர் உடனே ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மாறிக்கொள்ளட்டும். அன்றைய அமர்வில் சொல்ல வேண்டியதை முந்தைய இரவே எழுதி அனுப்பிவிட்டால், மெதுவாகப் பேச நேர்ந்தாலும் பேச்சு வீணாகாது. "நெஞ்சு படபடப்புக்குச் சென்னையில் ஒருவரிடம் போனில் பேசி வைத்தியம் பார்க்கிறேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு அவர் எதிர்க்காமலும் இருக்கலாம்.

தனிக்குடித்தனக் கேள்வியைப் பொறுத்தவரை, இரண்டாவது அமர்வில் அதைக் கேட்டது அவசரம் என்பதே என் கருத்து. கணவர் வெளிநாட்டில் இருக்க, மனைவி மாமனார் மாமியாரோடு வாழ்வது நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் நிலை. அதை அவருக்கு விளக்குங்கள். விளக்கிய பிறகும் அவர் அதே கேள்விக்குத் திரும்பினால், வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.

கேள்வி: ஆன்லைனில் பேசுவதைப் பதிவு செய்து யாருக்காவது காட்டிவிடுவார்களா? — மார்த்தாண்டம் வாசகர்

பதில்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் கடமையைச் சிகிச்சையளிப்பவருக்கு விதித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "பதிவு செய்கிறீர்களா, குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் தொடர வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒருவர் "சைக்காலஜிஸ்ட்" என்று போட்டிருக்கிறார். நம்பலாமா? — கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை தகுதி ஆகாது. மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்று சொல்லிக்கொள்பவர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று ஆலோசகராகப் பணிபுரியும் நல்லவர்களும் இருக்கிறார்கள். படிப்புச் சுமை, உறவுச் சிக்கல் போன்றவற்றுக்கு அவர்கள் போதும். ஆனால் யாராயினும் மருந்து எழுதித் தந்தால் அவர் மனநல மருத்துவரா என்று பாருங்கள். உளவியலாளர் மருந்து எழுதக் கூடாது. இத்தனை அமர்வில் குணம் என்று உறுதியளித்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி கடல் தொழிலுக்குப் போகிறவன். ஒக்கி புயலில் கூட்டாளிகளை இழந்தபின் குடி கூடிவிட்டது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. "நான் இருந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறான். வெளியில் தெரியாமல் ஆன்லைனில் காட்டலாமா? — குளச்சல் வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், நேரில் அழைத்துச் செல்லுங்கள். காலை நடுக்கம், உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டதைக் காட்டும் அறிகுறி. இந்த நிலையில் உள்ளவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம்.

"நான் இருந்து என்ன" என்று தம்பி சொல்லும் அந்த வார்த்தையைக் குடிபோதைப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை உங்களுக்கே என்ன செய்வதென்று தெரியாவிட்டால், எந்த நேரத்திலும் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசலாம்.

உடல் தேறிய பிறகு, புயலில் பார்த்ததையும் இழந்ததையும் பற்றிப் பேச இணையவழி உளவியலாளர் உதவுவார். ஆழ்கடலுக்குப் போனால் நாள்கணக்கில் சிக்னல் இருக்காது என்பதால், வாரம் தவறாத அமர்வு உங்கள் தம்பிக்கு ஒத்துவராது. கரையில் இருக்கும் நாள்களில் நெருக்கமாக நேரம் தரக்கூடியவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.