அந்த 86 சென்டிமீட்டர்

கேள்வி: ஐயா, என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வினாடி வினாப் போட்டியில் எவரெஸ்டின் உயரம் என்ன என்று கேட்டதற்கு 8,848 மீட்டர் என்றான். 8,848.86தான் சரி என்று சொல்லிப் புள்ளி தரவில்லை. அந்த ஒரு புள்ளியில் பரிசு போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எது சரி? ஒரே வரியில் சொன்னால் போதும். அப்படியே நல்ல பொது அறிவுப் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்கள் மகனுக்குப் புள்ளி கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான். ஆனால் ‘புள்ளி’ என்று ஒரு சொல் எழுதிவிட்டீர்கள், அம்மா. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் கோலத்துக்கு வைப்பது புள்ளி. மான் முதுகில் இருப்பது புள்ளி. ஊரில் வசதியானவர் பெரும்புள்ளி. பையன் இழந்ததும் புள்ளி, அவன் சொல்லாமல் விட்டதும் 8,848-க்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு புள்ளிதான். மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. எகரம், ஒகரம் ஆகிய குறில்களுக்கும் அந்தக் காலத்தில் புள்ளி உண்டு. புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று, எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? ஓலையில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றாகத் தெரியும். நெருப்பா, தண்ணீரா? முன்னும் பின்னும் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிறகு வீரமாமுனிவர் வந்து நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் அச்சுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு பழைய நூலிலும், இல்லாத புள்ளிகளை அறிவால் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் அந்த .86 எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறேன். 8,848 என்பது 1955-இல் இந்திய நில அளவைத் துறை சொன்ன கணக்கு. பல பத்தாண்டுகளாக நம் பாடப்புத்தகங்களில் இருந்தது அதுதான். 1999-இல் ஓர் அமெரிக்கக் குழு 8,850 என்றது. 2005-இல் சீனா, உச்சியில் உள்ள பனியைக் கழித்துப் பாறையை மட்டும் கணக்கிட்டு 8,844.43 என்றது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மலை இறங்கியிருக்குமோ என்று பேச்சு எழ, நேபாளம் தன் ஆட்களையே 2019-இல் உச்சிக்கு அனுப்பி அளந்தது. சீனாவும் மறுபடி அளந்தது. 2020 டிசம்பர் 8 அன்று இரு நாடுகளும் சேர்ந்து, பனியோடு சேர்த்து 8,848.86 என்று அறிவித்தன. முழு எண்ணாக்கினால் 8,849 அல்லவா என்று எங்கள் உதவி ஆசிரியர் கேட்கிறார். அவர் கேட்பதும் சரிதான்.

ஆகவே கேள்வியை ‘2020 அறிவிப்பின்படி’ என்று தொடங்கியிருந்தால் பையனுக்குப் புள்ளி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வெறுமனே ‘உயரம் என்ன’ என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, 86 சென்டிமீட்டருக்காக அவனை மேடையிலிருந்து இறக்கியது அநியாயம். ஆண்டு இல்லாத எண் அரை எண். இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மலையின் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? நம் பரங்கிமலையில். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று கட்டிக்கொண்டே போனதுதான் இமயம் வரை போய்ச் சேர்ந்தது. கோணம் பார்க்க அவர் வைத்திருந்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து அதைக் கொண்டுவந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்ததும், அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அறிவுக்கு எதிரி கொடுத்த மரியாதை என்பதால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அப்படி வந்து சேர்ந்த கருவிக்குத் தஞ்சாவூரில் கண்டம் காத்திருந்தது. காவிரிப் படுகை தட்டையான பூமி. ஏறிப் பார்க்க ஒரு குன்று கிடையாது. லாம்ப்டனுக்கு அங்கே கோபுரங்கள்தான் மலை. 1808-இல் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் புதுக் கருவி கேட்டு எழுதிவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய், கூடாரத்தில் அடைந்து கிடந்து, ஆறு வாரம் போல ஒவ்வொரு பாகமாக நிமிர்த்திச் சரிசெய்தார்.

பெரிய கோயில் என்றதும் கை தானாக வேறு பக்கம் திரும்புகிறது, மன்னியுங்கள். அதன் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் பொது அறிவுக் கேள்வியாகக் கேட்கிறார்கள். இதே பக்கத்தில் நான்கு முறை மறுத்து எழுதியாயிற்று. கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. விழும். காலை எட்டு மணிக்குப் போனால் மேற்கே நீண்டு கிடக்கும். மாலையில் கிழக்கே. அடி அகன்று மேலே குறுகிக்கொண்டே போவதால், சித்திரை வெயிலின் உச்சிவேளையில் நிழல் கட்டடத்தின் மேலேயே அடங்கிவிடும், அவ்வளவுதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிவேளையில்கூட வடக்குப் பக்கம் தரையைத் தொடும். ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் கலசம் கொடுத்ததைக் கல்லில் நாள் கணக்கோடு வெட்டிவைத்திருக்கிறான். அவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தவனின் கோயிலைப் பற்றி, போய்ப் பார்க்காமலே ஒரு பொய்யைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. தேசிய விளையாட்டு ஹாக்கி என்று எத்தனை புத்தகத்தில் இருக்கிறது! எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012-இல் மத்திய விளையாட்டு அமைச்சகமே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்துவிட்டது. தேசிய மொழி இந்தி என்பதும் அப்படித்தான். அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சி மொழி என்கிறது. தேசிய மொழி என்று சட்டம் எந்த மொழியையும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டு ‘இந்தி’க்குப் புள்ளி போடுகிற வினாத்தாள் என் கண்ணில் பட்டால் நான் கடிதம் எழுதாமல் விடுவதில்லை.

எவரெஸ்டுக்கு வருகிறேன். அன்றைக்கு நேபாளம் வெளிநாட்டாரை உள்ளே விடாது. அதனால் 1849-50-இல் பீகார் சமவெளியில் ஆறு இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தார்கள். அப்போது அந்த மலைக்குப் பெயர் ‘சிகரம் 15’. நில அளவைத் துறையின் தலைமைக் கணிப்பாளராக இருந்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். விடை சரியாக 29,000 என்று வந்ததாம், தோராயமாகச் சொன்னதாக நினைப்பார்களே என்று இரண்டடி கூட்டினார்களாம். எவரெஸ்டின் மேல் முதலில் இரண்டடி வைத்தவர்கள் அவர்கள்தான் என்று வேடிக்கையாகவும் சொல்வதுண்டு. எனக்கும் பிடித்த வேடிக்கைதான். ஆனால் அந்த ஆறு இடங்களின் விடைகளும் அச்சில் இருக்கின்றன. குறைந்தது 28,990 அடி, அதிகம் 29,026. ஆறையும் கூட்டி வகுத்தால் 29,002 சொச்சம் வருகிறது. யாரும் இரண்டடியைச் செருகவில்லை. வேர்வை சிந்திக் கணக்குப் போட்டவர்களைப் பொய்யர்களாக்கும் கதையை இனி நான் சொல்ல மாட்டேன்.

உயரம் என்றால் எங்கிருந்து என்று உங்கள் மகன் கேட்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து என்பார்கள். கடல் என்ன பளிங்குத் தரையா? பூமியை நடுவில் சற்றுப் பருத்த சீரான உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால், இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் சுமார் 106 மீட்டர் பள்ளமாக இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததுதான் காரணம். உலகிலேயே பெரிய பள்ளம் அது, நம் கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம். சரி, பூமியின் மையத்திலிருந்து அளந்தால்? ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ, கடல் மட்டத்திலிருந்து 6,260 மீட்டர் சுமார்தான், ஆனால் மையத்திலிருந்து எவரெஸ்டைவிட இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால் அப்படி. அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாய்த் தீவின் மவுனா கேயா. பாதிக்கு மேல் கடலுக்குள் மூழ்கி இருந்தாலும் மொத்தம் 10,000 மீட்டரைத் தாண்டும்.

புத்தகம் கேட்டீர்கள். வினா விடைப் புத்தகம் எதுவும் வேண்டாம். நல்ல அட்லஸ் ஒன்றும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எந்த ஆண்டு, அளந்தது யார், எங்கிருந்து என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். விடுமுறையில் சென்னைக்கு வந்தால் பரங்கிமலை மேலே கூட்டிப் போங்கள். அங்கே லாம்ப்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. எதிரே மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்தே பையன் அழுகையை மறந்துவிடுவான்.

முதல் பக்கம் எவரெஸ்டாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், விட்டுப்போன புள்ளியை நானே போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.